அண்ணி வியாபாரியான கதை

எங்கள் குடும்பத்தில் வரி என்றால் நான்தான். சின்னச் சின்னக் கடைகளுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுத்து, கடைக்காரருக்குப் பதிலாக வரி அலுவலகத்தில் போய் நின்று, அவருக்கு விழ வேண்டிய திட்டையும் நானே வாங்கிக்கொண்டு, அதற்குக் கூலி வாங்கிப் பிழைக்கிறவன். பெரியப்பா மகனிலிருந்து மாமாவின் மச்சினர் வரை அத்தனை பேரும் என்னிடம் ஓசியில் யோசனை கேட்டிருக்கிறார்கள். கேட்காமல் இருந்த ஒரே ஆள் என் அண்ணி. கேட்டே ஆக வேண்டியிருந்த ஒரே ஆளும் அவர்தான்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கனமான கதவு, கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு, உள்ளே எப்போதும் குளிர். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... ம், விடலாம்" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டில் பேசும்போதும் அதே குரல்தான். கல்யாணம் ஆன அன்று இழுத்துப் பிடிக்கச் சொன்னாள், இன்னும் விடச் சொல்லவில்லை என்பான் அண்ணன். அவனும் அசையாமல்தான் இருக்கிறான், பெரும்பாலும் சோபாவில்.

காசுப் பைத்தியம் பிடித்ததும் அந்த அறையில்தான். குழந்தைகள் காசை விழுங்கிவிட்டு வருவார்கள். படத்தில் நெஞ்சுக்கு நடுவே வெள்ளை வட்டமாகத் தெரியும். என்ன காசு என்று டாக்டர் கேட்பார். சின்னக் காசு என்றால் தானாக இறங்கிவிடும், பெரிது என்றால் மாட்டிக்கொள்ளும். பெற்றவர்களுக்கோ ஒன்றும் தெரியாது. அம்மா அழுவாள், அப்பா தன் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். அண்ணி புழக்கத்தில் இருக்கிற காசுகளை எல்லாம் வகைக்கு ஒன்றாக ஓர் அட்டையில் ஒட்டி, பக்கத்தில் அகலத்தை எழுதிச் சுவரில் மாட்டிவைத்தார். ஒரு நாள் அட்டையில் இல்லாத அளவில் ஒரு வட்டம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மாமா பிள்ளைக்கு விளையாடக் கொடுத்த காசு அது. அது என்ன தேசத்துக் காசு என்று கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று பணம் மாற்றுகிற கடைக்குப் போய் ஒரு கைப்பிடி வெளிநாட்டுச் சில்லறை வாங்கி வந்தவர்தான், அதன்பின் நிறுத்தவே இல்லை. விழுங்கிய காசு வெளியே வந்த பிறகு, ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா கொண்டுவந்து நீட்டினாளாம். உலகத்தில் அண்ணி வேண்டாம் என்று சொன்ன காசு அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காசு சேர்ப்பவர்கள் கூடுகிற இடம் ஒன்று இருக்கிறது. கீழே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி, மேலே ஒரு நீளமான ஹால். நடுவில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, பச்சைத் துணி விரித்து, சுற்றிலும் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். காசின் முகத்தில் விரல் பட்டால் முறைப்பார்கள். காசுக்கு மேல் பேசக்கூடக் கூடாது, எச்சில் தெறித்தால் கறை பிடிக்குமாம். யாராவது ஒரு காசைக் கீழே போட்டுவிட்டால் அவ்வளவுதான், கண்டுபிடிக்கும்வரை ஒருவரும் காலை நகர்த்த மாட்டார்கள். இருமல் வந்தால்கூட இடுப்புக்கு மேலேயே இருமிக்கொள்வார்கள். முதல் தடவை பார்த்தபோது நான் ஏதோ மௌன அஞ்சலி என்று நினைத்து நானும் எழுந்து நின்றேன்.

நடு மேசைக்காரர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கிறுக்கு. தையல்காரர் ஒருவர் கப்பல் போட்ட காசு மட்டும்தான் சேர்ப்பார். ஜன்மத்தில் கடலைக் கண்டதில்லை. பாட்டு டீச்சர் ஒருவர், சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான், நடுவில் துளை உள்ள காசு மட்டும் எடுப்பார். அவரை 'ஓட்டைக் காசு டீச்சர்' என்றே கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். இந்த மேசையில் யாரும் விலை பேச மாட்டார்கள். "இதுக்கு அது" என்று மாற்றிக்கொள்வார்கள், கணக்கு கொஞ்சம் இடித்தால் கையில் இருக்கிற பணத்தை வைத்துச் சரிக்கட்டுவார்கள். புதிதாக ஒன்று கிடைத்துவிட்டால் உள்ளங்கைக்குள் மூடி எடுத்துவந்து, பிடித்தவர் முகத்துக்கு நேரே மெதுவாகத் திறந்து காட்டுவார்கள். அந்தத் திறந்து காட்டுகிற நிமிடத்துக்காகத்தான் அவர்கள் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். தையல்காரர் எது கிடைத்தாலும் முதலில் அண்ணியிடம்தான் கையைத் திறப்பார்.

சுவர் ஓரமாகத் தனித்தனி மேசைகள் உண்டு. அவை வியாபாரிகளுக்கு. வரிப் பதிவு எண் உள்ளவர்கள் வாடகை கொடுத்து, எண்ணை அட்டையில் எழுதி மாட்டி, சுவரோரம்தான் உட்கார வேண்டும் என்பது சங்கத்தின் விதி. முன்பு ஒரு வியாபாரி நடு மேசையில் நண்பர் மாதிரி உட்கார்ந்து, விவரம் தெரியாத ஒருவரிடமிருந்து நல்ல காசு ஒன்றைச் சல்லி விலைக்குத் தட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு போட்ட விதி. அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அதன் பலன் என்னவென்றால், சுவரோரத்து ஆளிடம் யாரும் கையைத் திறந்து காட்ட மாட்டார்கள். காட்டினால் நமக்கு எதன் மேல் ஆசை என்று தெரிந்துகொண்டு விலையை ஏற்றிவிடுவார் என்ற பயம்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் அண்ணி பஸ் நிறுத்தத்தில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறார். விற்பவர் வரி வசூலிப்பது கடமை, வசூலிக்காமல் விற்பது குற்றம் என்று வரித்துறை கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பத்துப் பேர் அதன் கீழே நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்த ஒரே ஜீவன் என் அண்ணி. அண்ணி அவ்வப்போது பணத்துக்கும் காசு கொடுப்பது உண்டு. உடனே ஸ்டேஷனரி கடையில் ரசீதுப் புத்தகம் அடிக்கச் சொல்லி, அடுத்த ஞாயிறிலிருந்து எல்லோரிடமும் வரியைச் சேர்த்து வாங்க ஆரம்பித்துவிட்டார். வாங்கிய வரியை ஆஸ்பத்திரிக் கையுறை வந்த காலிப் பெட்டி ஒன்றில் போட்டு, மேலே 'அரசாங்கம்' என்று எழுதி, துணி அலமாரியில் வைத்தார். வருஷக் கடைசியில் யாராவது வந்து வாங்கிக்கொண்டு போவார்கள் என்று நினைப்பு. அண்ணன் ஒரு தரம் அவசரத்துக்கு அதிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டான். "அது நம்ம பணம் இல்லைங்க" என்று சொல்லி, இருட்டுவதற்குள் திரும்ப வைக்க வைத்தார்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றை, வரி ஏய்க்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலைகிறவனால்கூடச் செய்ய முடியாது. வரி கட்டாமல் இருந்தால் மறந்துபோச்சு என்று சொல்லித் தப்பிக்கலாம். பதிவு எண் இல்லாமல், அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி ஊராரிடம் வரி வாங்கினால் என்ன சொல்லித் தப்பிக்க?

சுவரோரத்து வியாபாரி ஒருவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். எந்தக் காசையும் எடை போட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். அவர் அண்ணியிடம் நாலைந்து வெள்ளிக் காசுகள் வாங்கி, அந்த ரசீதைத் தன் கணக்கில் சேர்த்து, 'இவருக்கு ஏற்கனவே வரி கொடுத்துவிட்டேன்' என்று கழித்துக் காட்டியிருக்கிறார். அது அவர் உரிமை. வரி வாங்கிய அம்மாவின் எண் எங்கே என்று அலுவலகம் தேடியது. எண் இல்லை. அண்ணிக்கு நோட்டீஸ் வந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் போனில், "டேய், உங்க அண்ணி ஏதோ கள்ள வரி வாங்கியிருக்காளாம்டா, வா" என்றான். போனேன். சாப்பாட்டு மேசையில் கையுறைப் பெட்டி, ரசீதுப் புத்தகம், நோட்டீஸ் மூன்றும் வரிசையாக இருந்தன. அண்ணி உட்காரக்கூட இல்லை.

"வீட்டுலயே ஒரு வரி ஆளு இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி?"

"நீங்க வேலையா இருப்பீங்கன்னு நெனச்சேன் தம்பி. சின்ன விஷயம்தானே."

"பணத்தை விக்கறதுக்கு வரியாடா? அது என்ன கூத்து?" என்றான் அண்ணன்.

"கடையில குடுத்தா மாவு வாங்க முடியற வரைக்கும்தான் அது பணம். அதுக்கு மேல விலை வெச்சு வித்தா அது சரக்கு. செருப்பு மாதிரி, சோப்பு மாதிரி."

"பெரும்பாலும் நாங்க மாத்திக்கத்தானே செய்யறோம்? பணமே கை மாறலையே தம்பி" என்றார் அண்ணி.

"பொருள் கை மாறுதே. வியாபாரின்னு ஆயிட்டா அதுவும் விற்பனைதான்."

பிறகு நிதானமாக விளக்கினேன். சட்டத்துக்கு இரண்டு விதமான ஆள் தெரியும். தனக்காக ஒன்றை வாங்கி வைத்திருந்து, வேண்டாதபோது விற்கிறவர், மாற்றிக்கொள்கிறவர் ஒரு விதம். அவர் பொழுதுபோக்குக்காரர், அவருக்கு வரியும் இல்லை, பதிவும் இல்லை. வாங்கும்போதே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்று வாங்குகிறவர் இன்னொரு விதம். அவர் வியாபாரி. அண்ணி முதல் விதம் என்று நிரூபித்துவிட்டால், பெட்டியில் இருப்பதை அரசாங்கத்துக்குக் கட்டி, சின்ன அபராதம் ஒன்றும் கட்டி, ரசீதுப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வரலாம். இரண்டாவது விதம் என்று ஆகிவிட்டால், மாற்றிக்கொண்டதெல்லாம் விற்பனைக் கணக்கில் ஏறும், பதிவு இல்லாமல் விற்கலாம் என்கிற வருஷ வரம்பைத் தாண்டிவிடும், பழைய வரியைக் கட்ட வேண்டும், பதிவு எண் வாங்க வேண்டும்.

"பழைய வரி எவ்வளவு வரும்?" என்றான் அண்ணன். உத்தேசமாகச் சொன்னேன். அவன் சோபாவில் சாய்ந்துகொண்டான்.

அண்ணிக்கு அது காதிலேயே விழவில்லை. "பதிவு எண் வாங்கினா நான் சுவரோரம் போகணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உட்கார்ந்த நாற்காலி அவர் கண் முன்னே நின்றிருக்க வேண்டும். "அதெல்லாம் போக விடமாட்டேன்" என்றேன். வாயால் சொல்வதற்கு என்ன செலவு?

விசாரணைக்கு முந்தின வாரம் வீட்டில் ஒத்திகை. அண்ணன்தான் அதிகாரி. மேசைக்கு அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"பேரு?"

"என் பேரு மறந்துபோச்சாங்க?"

"அதிகாரிகிட்ட எதிர்க்கேள்வி கேக்கக் கூடாது. காசை எதுக்கு வாங்கறீங்க?"

"எனக்குப் பிடிச்சிருக்கு, அதுக்கு."

"அப்படித்தான்!" என்று கை தட்டினேன். "அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க அண்ணி. பிடிச்சிருக்கு, வாங்கறேன். மிச்சமானதைக் குடுத்துடறேன். முடிஞ்சுது கதை."

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்க" என்றான் அண்ணன். நோட்டீஸ் வந்த பிறகு அண்ணி அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

வரி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் வராண்டா பெஞ்சு ஒன்று உண்டு. என் வாழ்நாளில் பாதி அதில் கழிந்திருக்கிறது. எங்களைக் கூப்பிட்ட அதிகாரிக்கு நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "உக்காருங்கம்மா, ஃபேனைக் குறைக்கட்டுமா?" என்றார். அங்கேதான் சனி பிடித்தது. வள்ளென்று விழுகிற ஆளாக இருந்திருந்தால் அண்ணி வாயையே திறந்திருக்க மாட்டார். இவரோ ஆஸ்பத்திரி வேலை எப்படி என்று கேட்டார். குழந்தைகள் விழுங்குகிற காசைப் பற்றிக் கேட்டார். தன் பிள்ளை ஒரு தடவை பட்டன் விழுங்கிய கதையைச் சொன்னார். அண்ணி பட்டன் படத்தில் தெரிவது கஷ்டம் என்றார். இரண்டு பேரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

"சரிம்மா, இந்தக் காசெல்லாம் எங்கே வாங்கறீங்க?"

"பணம் மாத்தற கடையில சார். நோட்டைத்தான் மாத்துவாங்க, வெளிநாட்டுச் சில்லறையைத் திருப்பி அனுப்ப முடியாது. அதனால கலந்தாப்புல கிலோ கணக்குல பையில போட்டுக் குடுத்துடுவாங்க. மாசம் ஒரு பை எடுப்பேன்."

"எதுக்கு வாங்கறீங்க?"

"பிடிச்சிருக்கு சார், அதுக்கு."

நான் மூச்சு விட்டேன்.

"பையைப் பிரிச்சதும் என்ன செய்வீங்க?" என்றார் அதிகாரி. தந்திரமாகக் கேட்கவில்லை. சும்மா, தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அண்ணியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "படுக்கை மேல பேப்பர் விரிச்சுக் கொட்டுவேன் சார். முதல்ல கப்பல் தேடுவேன். எங்க தையல்காரர் கப்பல்தான் சேர்க்கறாரு. மூணு பாய்மரம் வெச்ச கப்பல் ஒண்ணு அவருக்கு ஆறு வருஷமா கிடைக்கல. ஒவ்வொரு பையிலயும் அது இருக்குமான்னுதான் பாப்பேன். அப்புறம் ஓட்டைக் காசெல்லாம் டீச்சருக்கு ஒரு கயிறுல கோத்துடுவேன். பறவை, மீன், மரம்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு கிண்ணம் வெச்சிருக்கேன். ஒரு வாரம் ஏதாவது ஒரு கிண்ணம் காலியா இருந்தா மனசே சரியா இருக்காது சார், அவரு அந்த ஞாயித்துக்கிழமை வெறுங்கையோட போவாரேன்னு."

நான் இருமினேன். அதிகாரி எனக்குத் தண்ணீர் நகர்த்திவைத்தார். அண்ணியின் காலை லேசாக மிதித்தேன். அண்ணி காலை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

"உங்களுக்குன்னு எதை எடுத்துப்பீங்க?"

"எனக்கா? எல்லாருக்கும் எடுத்தது போக ஏதாவது பிடிச்சா வெச்சுப்பேன்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். மூக்கைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"சார், இதுல இவங்களுக்கு லாபமே இல்ல. பஸ் காசு மிஞ்சினா அதிகம்" என்றேன்.

"தெரியுது. லாபம் எவ்வளவுன்னு சட்டம் கேக்கல. எதுக்காக வாங்கினாங்கன்னுதான் கேக்குது. அவங்களே சொல்லிட்டாங்களே." குரலில் வருத்தம் இருந்தது. எழுதியதை வரி விடாமல் படித்துக் காட்டினார். 'வாங்கும்போதே பிறருக்குக் கொடுக்கும் நோக்கத்தோடு வாங்குகிறார். எஞ்சியதையே தமக்கு வைத்துக்கொள்கிறார்.' "சரியா இருக்காம்மா?"

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க சார்" என்று அண்ணி கையெழுத்துப் போட்டார். படிக்கட்டு இறங்கும்போதுதான், "நான் எதாவது தப்பா சொல்லிட்டேனா தம்பி?" என்றார். தலையில் அடித்துக்கொள்ள இரண்டு கையும் பரபரத்தன. "இல்ல அண்ணி, எல்லாம் உண்மையைத்தான் சொன்னீங்க" என்றேன். அதை ஒரு வசவாகத்தான் சொன்னேன், அண்ணி பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

உத்தரவு வந்தது. வியாபாரி. பழைய வரியும் அபராதமும் சேர்த்து அண்ணியின் இரண்டு மாதச் சம்பளம். முணுமுணுக்காமல் கட்டினார். பதிவு எண்ணும் வந்தது. டீச்சருக்குப் போன் செய்து தானே சொல்லிவிட்டார். டீச்சர், "விதியை மாத்தலாமான்னு கூட்டத்துல வேணா கேக்கட்டுமா?" என்றிருக்கிறார். "வேணாம் டீச்சர். அந்த விதிக்கு நானும்தானே கை தூக்கினேன்" என்றாராம் அண்ணி.

முதல் ஞாயிறு நானும் கூடப் போனேன். மேசையைத் தூக்க, வைக்க ஓர் ஆள் வேண்டும் என்று சாக்கு. உண்மையில் எனக்கு மனசு கேட்கவில்லை. தராசுக்கு ஒரே சந்தோஷம். "வாங்கம்மா, நம்ம பக்கம் வந்துட்டீங்க" என்று தன் மேசையைத் தள்ளி இடம் விட்டார். விளக்கை எந்தப் பக்கம் வைத்தால் வெள்ளி நன்றாக மின்னும் என்று சொல்லிக்கொடுத்தார். தன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அவர் மேல் கோபப்பட வேண்டும் என்று தயாராக வந்திருந்தேன், முடியவில்லை.

அண்ணி கிண்ணங்களை வரிசையாக வைத்து, எண் எழுதிய அட்டையை மாட்டிவிட்டு உட்கார்ந்தார். நடு மேசையில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

நண்பர்கள் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தார்கள். டீச்சர் வந்து கயிற்றில் கோத்த ஓட்டைக் காசுகளைப் பார்த்து, "எவ்வளவு?" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அண்ணி அதற்கு முன் கேட்டதில்லை. விலை சொன்னார், வரி சொன்னார். டீச்சர் கொடுத்தார். மீதி வாங்கிக்கொண்டார். பறவைக்காரர் வந்து, "கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மா" என்றார். காலமெல்லாம் அக்கா என்று கூப்பிட்டவர். யாரும் மரியாதைக் குறைவாக ஒன்றும் செய்யவில்லை. மரியாதை கூடிப்போனதுதான் சங்கடமாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் தையல்காரர் வந்தார். வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது. கிண்ணத்தில் இருந்த கப்பல்களை இடது கையால் புரட்டினார். இரண்டு எடுத்துக்கொண்டு, பணமும் இடது கையாலேயே கொடுத்தார், ரசீதும் இடது கையாலேயே வாங்கிக்கொண்டார்.

"புதுசா ஏதாவது கிடைச்சுதா?" என்றார் அண்ணி.

"இல்லம்மா, ஒண்ணும் பெருசா இல்ல" என்று அவர் சுவரில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு, "அவருக்குக் கிடைச்சிடுச்சு தம்பி, அந்த மூணு பாய்மரம்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேற எதுக்கும் அவரு கையை அப்படிப் பைக்குள்ள மூடி வெச்சுக்க மாட்டாரு."

எனக்குத் தையல்காரர் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆறு வருஷம் இந்த அம்மா பை பையாகக் கொட்டித் தேடியிருக்கிறாள், ஒரு நிமிஷம் திறந்து காட்டினால் கை தேய்ந்தா போய்விடும்? ஆனால் அவர் பக்கம் யோசித்தால் அவர் செய்ததும் தப்பில்லை. வியாபாரியிடம் காட்டக் கூடாது, அவ்வளவுதான். எல்லோரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள், அதிகாரி உட்பட. ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நான் சட்டப் புத்தகத்தைத் திறந்தேன்.

மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. பயத்தில் உளறிவிட்டேன், அதிகாரி எழுதியது என் உண்மையான நிலை அல்ல என்று அண்ணி உறுதிமொழி கொடுத்தால் போதும். அந்த ஒரு வாக்குமூலத்தின் மேல்தான் உத்தரவு முழுவதும் நிற்கிறது. அதை உருவிவிட்டால் வியாபாரி என்பது போய்விடும், எண்ணும் போய்விடும், கட்டிய பணமும் திரும்பும். இதே மாதிரி இரண்டு வழக்கில் ஜெயித்திருக்கிறேன். இந்தத் தடவை பீற்றிக்கொள்ள வேண்டும் என்றே நல்ல காகிதத்தில் அடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தார்.

"எழுதியிருக்கறதைச் சத்தமாப் படியேன்" என்றான் அண்ணன் சோபாவிலிருந்து.

அண்ணி படித்தார். "நான் காசுகளை எனக்காக மட்டுமே வாங்கினேன். வாங்கும்போது தையல்காரரையோ, சங்கத்துச் செயலாளரையோ, வேறு எவரையுமோ நான் மனதில் நினைத்ததே இல்லை." அத்தோடு நிறுத்தினார். ஒரு தடவை மனதுக்குள் மறுபடி படித்தார் என்று உதடு அசைந்ததிலிருந்து தெரிந்தது.

"இதுல கையெழுத்து போட்டா பழைய இடம் கிடைச்சிடுமா தம்பி?"

"கிடைச்சிடும் அண்ணி. உறுதியா."

"அவங்களை ஒரு நாளும் நெனச்சதே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு, அங்க போய் உக்காந்து யாரு மூஞ்சியைப் பாக்கறது?"

"இது வெறும் காகிதம் அண்ணி! ஆஃபீஸுக்குக் குடுக்கறது. அவங்க யாரும் இதைப் பாக்கப் போறதில்ல."

"நான் பாத்துட்டேனே" என்றார். காகிதத்தை மடித்து, கசங்காமல், என் கையில் கொடுத்தார். கோபம் இல்லை. "நீங்க கஷ்டப்பட்டு எழுதியிருக்கீங்க. மன்னிச்சுக்குங்க."

நான் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நாலு வரி எழுத்துக்காக இருபது வருஷத்துச் சினேகிதத்தை விடுவதா, பைத்தியமா உங்களுக்கு என்றேன். அண்ணன் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான். அவன் எழுந்து வந்ததே பெரிய விஷயம். "விடுடா" என்றான். நான் சமையலறைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டேன்.

"நான் தையல்காரர்கிட்டப் பேசறேன். நடந்ததைச் சொன்னா அவரு வந்து காட்டுவாரு" என்றேன் கடைசியாக.

"சொல்லக் கூடாது" என்றார் அண்ணி. அந்த ஒரு முறைதான் குரல் உயர்ந்தது. "தெரிஞ்சா பாவம் பாத்துக் காட்டுவாரு தம்பி. அப்படிக் காட்ட வேணாம்."

காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மேல்முறையீட்டுக்குக் கொடுத்திருந்த கெடு அந்த வாரத்தோடு முடிந்துபோனது.